கரும்பலகை ஓரத்துப் பெயர்கள்

எங்கள் பள்ளிக் கரும்பலகையின் வலது ஓரத்தில் மேலிருந்து கீழாக ஒரு கோடு உண்டு. கோட்டுக்கு அந்தப் பக்கம் மேலே தேதி, பதிவு, வருகை. அதற்குக் கீழே காலியாகக் கிடக்கும் இடம் லீடருக்கு உரியது. டீச்சர் எங்கேயாவது திரும்பியதும் லீடர் எழுந்து, சாக்பீஸை எடுத்து, ‘பேசியவர்கள்’ என்று எழுதி அடிக்கோடு போடுவாள். அந்த ஒரு சொல்லைப் பார்த்ததும் வகுப்பு அடங்கிவிடும். ஐந்து நிமிடம்தான். அப்புறம் முதல் பெயர் விழும். பெயருக்கு எதிரே ஒரு பெருக்கல் குறி, அது இரண்டாகி, மூன்றாகி, பிறகு ‘அதிகம்’, ‘மிக அதிகம்’, கடைசியில் ‘அடங்கவில்லை’. பெயரை அழிக்கச் சொல்லிக் கெஞ்சல் ஒரு பக்கம். அதற்காகக் கைமாறும் சாம்பக்காயும் புது ரப்பரும் இன்னொரு பக்கம். நம்மில் பாதிப்பேர் அந்த ஓரத்தில் ஏறி இறங்கியவர்கள்தான், புதிதாக விளக்க ஒன்றும் இல்லை.

நான் மாறுதலாகி இந்தப் பள்ளிக்கு வருவதற்கு முன்பே அந்தக் கோடு அங்கே இருந்தது. அதை வைத்துக்கொள்வதா, அழித்துவிடுவதா என்று மனசுக்குள் ஒரு வழக்கு ரொம்ப நாளாக ஓடியது. வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும் நாளில், மாலை மணி அடித்தபின் தன் பெயரைத் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே பையை மாட்டும் ஏதாவது ஒரு பிள்ளையின் முகம் குறுக்கே வரும். அழித்துவிடலாம் என்று தோன்றும் நாளில், மூன்று வகுப்புகளை ஒரே ஆளாகச் சமாளிக்கும் சிரமம் குறுக்கே வரும். இப்போது அந்த வழக்கு முடிந்துவிட்டது. எப்படி முடிந்தது என்பதை எழுதி வைக்கவேண்டும் என்று தோன்றியது. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஐந்தாம் வகுப்புக்குள் பாடம் எடுக்கிற யாருக்காவது பயன்படலாம்.

கன்னியாகுமரி மாவட்டத்தில், குலசேகரத்துக்கு மேலே, ரப்பர் தோட்டங்களுக்கு நடுவில் இருக்கிறது எங்கள் அரசு தொடக்கப் பள்ளி. ஐந்து வகுப்புக்கு இரண்டு ஆசிரியர்கள். அறுபது பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர் என்பது சட்டம் வகுத்த கணக்கு, அதில் குறை சொல்ல முடியாது. நான்கும் ஐந்தும் தலைமை ஆசிரியருக்கு, ஒன்று முதல் மூன்று வரை எனக்கு. ஒரே நீளக் கூடம், நடுவில் ஒரு தட்டி. ஒன்றாம் வகுப்புக்காரர்களின் விரலைப் பிடித்து ‘அ’ எழுதப் பழக்கும்போது மூன்றாம் வகுப்பு எனக்கு முதுகுப் பக்கம் இருக்கும். தலைமை ஆசிரியர் கூட்டத்துக்கோ பயிற்சிக்கோ போய்விட்டால் ஐந்து வகுப்பும் என் தலையில். லீடர் என்கிற எட்டு வயதுப் பிள்ளையின் கையில் நாம் ஏன் சாக்பீஸைக் கொடுக்கிறோம் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் எதுவும் கிடையாது. யாரோ ஒருவர் பார்த்துக்கொள்ள வேண்டும், பார்க்க ஆள் இல்லை. அவ்வளவுதான்.

பக்கத்துப் பள்ளி ஆசிரியர்கள் கூடும் குறுவள மையக் கூட்டம் ஒன்றில் பெயர் எழுதும் பேச்சு வந்தது. பணி ஓய்வுக்குப் பக்கத்தில் இருந்த ஓர் அம்மா கேட்டார்: “கம்பை எடுக்காதேன்னாங்க, சரி, கீழ வச்சாச்சு. இப்போ பேரையும் எழுதாதேன்னா பின்னே என்னதான் செய்யச் சொல்லுதீங்க?” அவர் கேட்டதில் கோபத்தைவிடக் களைப்புதான் அதிகம் இருந்தது. 2010 ஏப்ரல் 1 முதல் நடைமுறையில் இருக்கும் கல்வி உரிமைச் சட்டத்தின் 17வது பிரிவு, உடலை வருத்தும் தண்டனையையும் மனத்தை வருத்துவதையும் சேர்த்தே தடை செய்கிறது. கம்பைப் பற்றி இப்போது பெரிதாக யாரும் வாதாடுவதில்லை. ஆனால் ‘கண்ணு ரெண்டையும் விட்டுட்டு மிச்சத்தை உரிச்சிருங்க’ என்று சொல்லிப் பிள்ளையைச் சேர்த்துவிட்டுப் போன காலத்தில் படித்தவர்கள்தான் இன்று ஆசிரியர்களாக இருக்கிறோம். கம்பு போன இடத்தில் என்ன வைப்பது என்று நமக்கு யாரும் உட்கார வைத்துச் சொல்லித் தரவில்லை. சட்டம் எதைச் செய்யக்கூடாது என்று சொன்னது. எதைச் செய்யலாம் என்பதை ஒவ்வொரு வகுப்பறையும் தானாகவே தேடிக்கொள்ள வேண்டியிருந்தது. தேடியபோது கையில் அகப்பட்டது சாக்பீஸ்.

ஒரு தகப்பனார் கேட்ட கேள்வி

அந்தப் பையன் மூன்றாம் வகுப்பு. ஓரத்துப் பட்டியலில் அவன் பெயர் இல்லாத நாள் அபூர்வம். பட்டியலே அவன் பெயரில்தான் தொடங்கும் என்று ஆகிவிட்டது. சில நாள் லீடர் ‘பேசியவர்கள்’ என்று எழுதிய கையோடு அவன் பெயரையும் எழுதி வைத்துவிடுவாள், பேசினானா இல்லையா என்று பார்ப்பதற்கு முன்பே. மற்றப் பிள்ளைகளுக்கும் அது ஒரு வழக்கமாகிவிட்டது. ஏதாவது கீழே விழுந்து உடைந்தால் எல்லாத் தலையும் அவன் பக்கம் திரும்பும்.

ஒரு நாள் மத்தியானம் அவன் அப்பா வந்தார். ரப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவர். சட்டையில், பாலை உறைய வைத்துச் சீட் அடிக்கும் இடத்து ஆசிட் மணம். வாசலிலேயே நின்றுகொண்டு, உள்ளே வரச் சொன்னால் வராமல், சொன்னார்: “டீச்சரே, எனக்க மவனுக்க பேரு எப்பளும் போர்டுலதான் கெடக்காம். பயலுவ எல்லாம் அவன ‘அடங்காதவன்’னு விளிக்குதாம். நாங்க ரெண்டு பேரும் வெட்டுக்கு எறங்குனா அவன்தான் தங்கச்சிய எழுப்பி, குளிப்பிச்சு, தல சீவி, கைய பிடிச்சு இங்க கொண்டு வாறான். ஒரு நாளும் பிந்துனது இல்ல. வீட்டுல இவ்வளவும் செய்யக்கூடிய பய இங்க வந்தா மட்டும் எதுக்கு அடங்க மாட்டேங்கான்?”

அவர் புகார் சொல்ல வரவில்லை. நிஜமாகவே தெரிந்துகொள்ள வந்திருந்தார். எங்கள் பகுதியில் விடியுமுன்னே நெற்றியில் விளக்கைக் கட்டிக்கொண்டு தோட்டத்துக்குள் இறங்கிவிடுவார்கள், வெயில் ஏறினால் பால் ஒழுக்கு குறைந்துவிடும். வெட்டி முடித்து, மறுபடி சுற்றி வந்து சிரட்டைகளில் இருந்து பாலை எடுத்து, சீட் அடித்து, வீடு திரும்பும்போது பள்ளியில் இரண்டு பீரியட் ஓடியிருக்கும். அந்த நேரம் முழுக்க வீட்டில் பெரியவன் என்றால் அவன்தான். எட்டு வயசு. அடுப்புப் பக்கம் போகாமல் தங்கையைப் பார்த்துக்கொண்டு, கதவைச் சாத்தி, சாவியை ஓட்டு இடுக்கில் செருகிவிட்டு வருகிறவன். அவனுக்கு ஒழுங்கு தெரியாது என்று யாராவது சொன்னால் அது பொய். அப்படியானால் பலகையில் விழும் பெயர் எதைச் சொல்கிறது? அவர் போனபிறகும் அந்தக் கேள்வி போகவில்லை. ‘பார்த்துக்கிடுதேன் அண்ணே’ என்று சொல்லி அனுப்பினேன். பார்க்கத் தொடங்கியது அதன் பிறகுதான்.

மணி பார்க்கப் பழகியது

மூன்றாம் வகுப்புக் கணக்கில் மணி பார்க்கும் பாடம் வந்தது. இன்றைய பிள்ளைகளுக்கு முள் வைத்த கடிகாரம் பழக்கமில்லை, செல்போனில் எண்ணாகவே பார்த்துப் பழகியவர்கள். சுவரில் பழைய மாணவர்கள் வாங்கிக் கொடுத்த வட்டக் கடிகாரம் இருந்தது. பழகட்டுமே என்று, எதை எழுதினாலும் பக்கத்தில் மணியையும் எழுத வேண்டும் என்றேன். நோட்டில் தேதிக்குப் பக்கத்தில் மணி, தண்ணீர் குடிக்கப் போனால் மணி. லீடர் சொன்னதைச் சொன்னபடி செய்கிற பிள்ளை. பெயர் எழுதும்போதும் பக்கத்தில் மணி எழுதத் தொடங்கினாள். சின்ன முள் எங்கே, பெரிய முள் எங்கே என்று தலையைச் சாய்த்துச் சாய்த்துப் பார்த்து, விரலை ஐந்து ஐந்தாக எண்ணி, பெயருக்கு எதிரே 12.10 என்று எழுதுவாள். அவள் மணியைக் கணக்குப் போட்டு முடிப்பதற்குள் பேசியவர்கள் பேசி முடித்து அமைதியாகிவிடுவதும் உண்டு.

மாலையில் பலகையை அழிக்குமுன் அந்த எண்களை என் குறிப்பேட்டின் பின்பக்கத்தில் எழுதி வைத்தேன். கொஞ்ச நாளில் அந்தப் பக்கம் நிறைந்துவிட்டது. ஒரு சனிக்கிழமை, வீட்டில் உட்கார்ந்து, பெயர்களை மறந்துவிட்டு எண்களை மட்டும் பார்த்தேன். பார்த்ததும் எனக்குத் திக்கென்றது.

காலை பாடம் நடக்கும் நேரத்தில் பெயர்கள் ஏறக்குறைய இல்லை. ‘எண்ணும் எழுத்தும்’ திட்டத்து அட்டைகளோடு குழுவாக உட்கார்ந்திருக்கும் நேரத்திலும் இல்லை. எல்லாம் மூன்றே இடங்களில் குவிந்து கிடந்தன. ஒன்று, கணக்குப் போட்டு முடித்து நோட்டைத் திருத்த என் மேசை முன்னால் வரிசையில் நிற்கும் நேரம். இரண்டு, சாப்பாட்டு மணிக்கு முந்தைய பத்து இருபது நிமிடம், சாம்பார் மணம் கூடத்துக்குள் வந்தும் மணி அடிக்காத நேரம். மூன்று, தலைமை ஆசிரியர் வெளியே போய், நான் தட்டிக்கு அந்தப் பக்கம் போய் வரும் நேரம். மூன்றிலும் பிள்ளைகள் செய்துகொண்டிருந்தது ஒன்றே ஒன்று. காத்திருந்தார்கள். கையில் வேலை இல்லாமல், எப்போது முடியும் என்று தெரியாமல், தரையில் உட்கார்ந்து காத்திருந்தார்கள். காத்திருக்கும் பெரியவர்கள் என்ன செய்வோம்? பேருந்து நிலையத்தில், ரேஷன் கடை வரிசையில், ஆஸ்பத்திரி பெஞ்சில்? பக்கத்தில் இருப்பவரோடு பேசுவோம். எட்டு வயதுப் பிள்ளையும் அதைத்தான் செய்கிறது. நாம் அதற்குப் பெயர் எழுதி வைக்கிறோம்.

அந்தப் பையனுடைய எண்களைத் தனியாக எடுத்துப் பார்த்தேன். அவன் பெயர் பெரும்பாலும் சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தில்தான் விழுந்திருந்தது, அதுவும் பேசியதற்காக இல்லை, ‘எழுந்து நடந்தவர்கள்’ என்ற கிளைத் தலைப்பின் கீழ். திங்கட்கிழமை அந்த நேரத்தில் வேறு வேலை எதுவும் வைத்துக்கொள்ளாமல் அவனையே பார்த்துக்கொண்டிருந்தேன். ஒன்றாம் வகுப்பை முதலில் தட்டுக் கழுவ அனுப்புவது எங்கள் வழக்கம், சின்னப் பிள்ளைகள் முதலில் சாப்பிட்டுவிடட்டும் என்று. அவர்கள் குழாயடிக்குப் போனதும் அவன் எழுந்தான். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். உட்கார்ந்தான். மறுபடி எழுந்தான். லீடரின் கை பலகைக்குப் போனது. நான் அவன் பக்கத்தில் போய் நின்று ஜன்னல் வழியாகப் பார்த்தேன். குழாயடியில் அவன் தங்கை. தட்டை இரண்டு கையாலும் பிடிக்காமல் ஒரு கையால் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள். “அவ தட்ட சாய்ப்பா டீச்சர், கைல சாம்பாரு கொட்டும்” என்றான், என்னைப் பார்க்காமலேயே. வீட்டில் காலை முழுக்கச் செய்த வேலையை இங்கேயும் அவன் விடவில்லை. நாங்கள் அதற்கு ‘அடங்கவில்லை’ என்று பெயர் வைத்திருந்தோம்.

மறுநாளிலிருந்து ஒன்றாம் வகுப்போடு அவனையும் இன்னொரு மூன்றாம் வகுப்புப் பிள்ளையையும் அனுப்பினேன். தட்டைப் பிடிக்கப் பழக்குவதும், கொட்டாமல் கூட்டி வந்து உட்கார வைப்பதும் அவர்கள் பொறுப்பு. அதோடு அவன் குறும்பு எல்லாம் தீர்ந்துவிட்டது என்று சொல்ல மாட்டேன். ரப்பர்க் கொட்டையைத் தரையில் தேய்த்துச் சூடாக்கிப் பக்கத்துப் பையன் தொடையில் வைப்பதில் அவன் இன்றும் கெட்டிக்காரன், அதற்கு அவனைக் கூப்பிட்டுப் பேசத்தான் வேண்டியிருக்கிறது. ஆனால் ஜன்னலுக்கு எழுந்து போவது நின்றது. ‘அடங்காதவன்’ என்ற விளி உடனே போகவில்லை. பிள்ளைகளின் வாயில் ஏறிய பட்டப்பெயர் இறங்க ஒரு பருவமாவது ஆகும்.

காத்திருப்பைக் குறைப்பது

இதைப் பற்றி வாசித்தபோது ஒரு விஷயம் தெரிந்தது. ஜேக்கப் கவுனின் என்ற அமெரிக்க உளவியலாளர் வகுப்பறைகளை வீடியோவில் பதிவு செய்து ஆராய்ந்து 1970ல் முடிவுகளை வெளியிட்டார். அடங்காத பிள்ளையை ஆசிரியர் எப்படிக் கண்டிக்கிறார், மிரட்டியா தன்மையாகவா, என்பதில்தான் நல்ல வகுப்புக்கும் குழம்பிய வகுப்புக்கும் வித்தியாசம் இருக்கும் என்று எதிர்பார்த்தே அவர் ஆராய்ச்சி தொடங்கியது. அப்படி எதுவும் கிடைக்கவில்லை. கண்டிக்கும் விதத்துக்கும் வகுப்பின் ஒழுங்குக்கும் சொல்லும்படியான தொடர்பு இல்லை. வித்தியாசம் அதற்கு முன்னால் இருந்தது. எங்கே என்ன நடக்கிறது என்பதை ஆசிரியர் தெரிந்து வைத்திருப்பது, அப்படித் தெரிந்து வைத்திருக்கிறார் என்பது பிள்ளைகளுக்கும் தெரிவது, ஒரு வேலையிலிருந்து அடுத்த வேலைக்கு இடைவெளி விழாமல் வகுப்பைக் கொண்டுபோவது. அதாவது, பெயர் எழுத நேரும் அந்த நொடிக்கு முன்பே காரியம் முடிந்துவிடுகிறது.

அதைவிட என்னைப் பிடித்து உலுக்கியது 1968ல் வெளிவந்த ஒரு சின்ன ஆராய்ச்சி. வெஸ்லி பெக்கரும் அவரோடு வேலை செய்தவர்களும் ஒன்றாம் வகுப்பு ஒன்றில் பார்த்தார்கள். ஆசிரியைகள் ‘உட்காரு’ என்று சொல்வதை அதிகப்படுத்தியபோது எழுந்து நிற்கும் பிள்ளைகளும் அதிகமானார்கள். சொன்ன உடனே அந்தப் பிள்ளை உட்கார்ந்துவிடும், அதனால் சொன்னது பலித்தது என்று ஆசிரியைக்குத் தோன்றும். மொத்தமாக எண்ணிப் பார்த்தால்தான் எழுந்தவர்கள் கூடியிருப்பது தெரியும். உட்கார்ந்து வேலை செய்யும் பிள்ளைகளைப் பாராட்டியபோது எழுவது குறைந்தது. நாள் முழுக்க ‘இரிலே மக்கா, இரிலே’ என்று சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன எந்த டீச்சருக்கும் இது புரியும். எழுந்தால் டீச்சர் பார்ப்பார். உட்கார்ந்திருந்தால் பார்க்க மாட்டார். பிள்ளைக்கு வேண்டியது டீச்சருடைய பார்வை.

அதனால் நான் மாற்றியவை எல்லாம் சின்னச் சின்ன ஏற்பாடுகள்தான். நோட்டுத் திருத்தும் வரிசையை எடுத்துவிட்டேன். இப்போது நான்தான் சிவப்புப் பேனாவோடு பாய்களுக்கு நடுவே நடக்கிறேன், முட்டி வலித்தாலும் பக்கத்தில் குனிந்து உட்கார்ந்து திருத்துகிறேன். அதில் ஒரு லாபம், எந்த இடத்தில் கணக்குத் தப்புகிறது என்று பிள்ளையின் கை ஓடும்போதே தெரிகிறது. முடித்தவர்கள் என்னைக் கேட்காமல் எடுத்துக்கொள்ள வாசிப்பு இயக்கப் புத்தகங்களைக் கயிற்றில் தொங்கவிட்டிருக்கிறோம். நுழை, நட, ஓடு, பற என்று படிநிலை போட்ட மெல்லிய புத்தகங்கள், எந்தப் பிள்ளைக்கும் அதில் ஒன்றாவது வாசிக்க முடியும். சாப்பாட்டுக்கு முந்தைய நேரத்தில் உட்கார்ந்து எழுதும் வேலையே வைப்பதில்லை. பாட்டு, விடுகதை, கையால் செய்வது, நின்றுகொண்டு விளையாடுவது. பசிக்கும் பிள்ளையின் கண்ணில் எழுத்து நிற்காது. 2023 ஆகஸ்டில் காலை உணவுத் திட்டம் எல்லா அரசு தொடக்கப் பள்ளிகளுக்கும் வந்தபிறகு முதல் பீரியட்டின் சிணுங்கலும் சண்டையும் எவ்வளவு குறைந்தது என்று எங்களைப் போன்ற பள்ளிகளில் கேட்டால் சொல்வார்கள். உப்புமாவும் கிச்சடியும் செய்த வேலையை எந்தக் கம்பும் செய்ததில்லை.

பலகை ஓரத்துக் கோட்டை அழித்தேன். லீடரிடம் சாக்பீஸ் இருக்கிறது, அவள் எழுதுவது அடுத்து என்ன வேலை என்பதை. ‘12.00 விடுகதை. 12.15 கை கழுவுதல்.’ எவ்வளவு நேரம் காத்திருக்க வேண்டும் என்பது தெரிந்தால் பிள்ளைகள் காத்திருப்பார்கள். தெரியாமல் காத்திருப்பதுதான் அவர்களுக்கு முடியாத காரியம்.

நல்ல பெயர் எழுதினால் ஆகாதா?

இதைச் சொன்னபோது தோழி ஒருத்தி, அவளும் டீச்சர், கேட்டாள்: “அப்போ பேசாதவங்க பேரை எழுதேன். நல்லா நடக்கிறவங்களுக்கு ஸ்டார் ஒட்டு.” நிறைய வகுப்பறைகளில் இருக்கிறது, தப்பு என்று சொல்ல வரவில்லை. எனக்கு அது ஒத்துவரவில்லை. ஸ்டார் அட்டையில் யார் பெயருக்கு எதிரே மின்னும் என்று பிள்ளைகளுக்கு ஒரு வாரத்தில் தெரிந்துவிடும். மின்னாத பெயர்களும் அதே அளவுக்குத் தெரியும். ஓரத்துக் கோட்டை அழித்துவிட்டு அதையே வண்ணக் காகிதத்தில் ஒட்டி வைத்தது போலத்தான்.

இன்னொன்றும் உண்டு. 1973ல் மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் மூவரும் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழக வளாகத்து மழலையர் பள்ளியில் செய்த ஆராய்ச்சி பிரபலமானது. படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை உள்ள பிள்ளைகளில் ஒரு பகுதியினரிடம், வரைந்தால் ரிப்பன் வைத்த பரிசுச் சான்றிதழ் உண்டு என்று முன்கூட்டியே சொன்னார்கள். வரைந்தார்கள், வாங்கிக்கொண்டார்கள். சில நாள் கழித்து, பரிசு இல்லாத சாதாரண நேரத்தில் பார்த்தபோது, அந்தப் பிள்ளைகள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் பாதி நேரம்தான் படம் வரைந்தார்கள். சொல்லாமல் திடீரென்று பரிசு பெற்றவர்களுக்கு அப்படி ஆகவில்லை. ஆசையாகச் செய்த ஒன்று, பரிசுக்குச் செய்யும் வேலையாகிவிட்டால் பரிசோடு முடிந்துவிடுகிறது. தங்கையின் தட்டைப் பிடிக்கப் போகிறவனுக்கு நான் ஸ்டார் ஒட்டத் தொடங்கினால், அவன் தட்டைப் பார்ப்பானா ஸ்டாரைப் பார்ப்பானா?

பாராட்டாமலும் இருக்க முடியாது, இருக்கவும் கூடாது. நான் பழகிக்கொண்டது, செய்த காரியத்தைப் பெயர் சொல்லிச் சொல்வது. ‘நல்ல பிள்ளை’, ‘கெட்டிக்காரி’ என்று ஆளுக்குப் பட்டம் கொடுப்பதைக் குறைத்துவிட்டேன். “அவன் பென்சில் கேக்கும் முன்னே நீட்டுனியே மக்களே, பாத்தேன்.” “மூணாவது தடவ அழிச்சுட்டு எழுதுன, இப்ப வரிக்குள்ள நிக்குது.” இவ்வளவுதான். பக்கத்தில் போய், அந்தப் பிள்ளைக்கு மட்டும் கேட்கிற மாதிரி. எல்லார் முன்னாலும் புகழ்ந்தால் சில பிள்ளைகள் கூசிப்போகும், சில பிள்ளைகளை மற்றவர்கள் ‘டீச்சருக்க செல்லம்’ என்று பரிகசிப்பார்கள். கிளாடியா முல்லரும் கேரல் டுவெக்கும் 1998ல் வெளியிட்ட ஆராய்ச்சியிலும் இதற்குப் பக்கத்தில் ஒரு சேதி இருக்கிறது. அறிவைப் புகழப்பட்ட பிள்ளைகள் அடுத்துக் கடினமான வேலை வந்ததும் சீக்கிரம் சோர்ந்தார்கள், முயற்சியைப் புகழப்பட்டவர்கள் தாக்குப்பிடித்தார்கள். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவோடு மாநிலத்தில் முதலிடம் வந்த மாவட்டம் நம்முடையது. படிப்பின் அருமை தெரிந்த ஊர். இங்கே ஒவ்வொரு வீட்டிலும் பிள்ளை ‘முதல் ராங்க்’ என்றோ ‘மக்கு’ என்றோ ஒரு பட்டத்தோடுதான் வளர்கிறது. பள்ளியிலாவது பட்டம் இல்லாமல் இருக்கட்டும்.

மழை நாள்கள்

இத்தனையும் வெயில் நாளுக்குத்தான். எங்களுக்கு இரண்டு மழைக்காலம். ஜூனில் பள்ளி திறக்கும்போதே தென்மேற்கு கொட்டும், கொஞ்சம் ஓய்ந்ததும் அக்டோபர் நவம்பரில் வடகிழக்கு. சாப்பாட்டுக் கூடத்தின் தகரத்தில் மழை விழுந்தால் பக்கத்தில் இருப்பவர் பேசுவது கேட்காது. மைதானத்தில் கணுக்கால் தண்ணீர். நனைந்த பைகள், நனைந்த பாய், காலையிலிருந்து மாலை வரை அதே கூடம். நாள் முழுக்கக் காத்திருப்பு. கலெக்டர் விடுமுறை விட்டால் சரி, விடாவிட்டால் அன்றைக்குத் தலைமை ஆசிரியரும் இல்லையென்றால், ஐந்து வகுப்பையும் ஓர் ஆளால் பார்க்க முடியாது. எவ்வளவு ஏற்பாடு செய்தாலும் முடியாது. அந்த நாள்களில் கரும்பலகை ஓரம் என்னைக் கூப்பிடும்.

பள்ளி மேலாண்மைக் குழுவில் இதை வைத்தேன். குழுவில் முக்கால்வாசிப்பேர் பெற்றோர், அதில் பெரும்பாலும் அம்மாக்கள். ஒன்றாம் வகுப்புப் பக்கம் யாராவது ஒருவர் வந்து உட்கார்ந்தால் போதும், பாடம் எடுக்க வேண்டாம், பிள்ளைகளோடு இருந்தால் போதும் என்றேன். வெட்டுக்குப் போகிறவர்களிடம் பகலில் வரச் சொல்வது நியாயமா என்று எனக்குத் தயக்கமாகத்தான் இருந்தது. ஓர் அம்மா சிரித்துக்கொண்டே சொன்னார்: “மழை பெய்தா எங்களுக்கு வெட்டு ஏது டீச்சரே? அன்னைக்கு நாங்க வீட்டுலதானே இரிக்கோம்.” எங்களுக்கு ஆள் தேவைப்படும் நாளும் அவர்களுக்கு வேலை இல்லாத நாளும் ஒன்று என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

போன வடகிழக்கில் இரண்டு மூன்று அம்மாக்கள் முறை வைத்து வந்தார்கள். ரப்பர்க் கொட்டைகளை வைத்துப் பல்லாங்குழி, தட்டாங்கல். கூட்டலும் கழித்தலும் அதிலேயே வந்துவிடுகிறது. சூடு வைக்கும் கொட்டையை அந்த அம்மாக்கள் கண்டுபிடித்துவிடுகிறார்கள், அவர்களும் சின்ன வயதில் அதைச் செய்தவர்கள்தானே. மழையால் கூலி இல்லாத நாளில் வருகிறார்களே, அவர்களுக்குப் பள்ளியில் இருந்து ஒரு தேநீராவது முறையாகக் கொடுக்க ஏதாவது வழி உண்டா என்று தலைமை ஆசிரியரும் நானும் பேசிக்கொண்டிருக்கிறோம். மழைக்காப்பு பிளாஸ்டிக் கட்டி மழையிலும் வெட்டும் தோட்டங்கள் அதிகமாகிக்கொண்டு வருவதால், அடுத்த வருஷம் அவர்களால் வர முடியுமா என்பதையும் அடுத்த கூட்டத்தில் கேட்கவேண்டும்.